தேரி மண்ணும் இரண்டு படி கல்லுப்பும்

ஜெயித்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை சொல்கிறேன் பேர்வழி என்று கடைசிவரை ஆளை இழுத்தடிப்பது எனக்குப் பிடிக்காது. எட்டு வருடம் இழுபட்ட ஆய்வை முடித்து, ஐம்பத்தோரு வயதில் முனைவர் பட்டம் வாங்கினேன். அதை வாங்கிக் கொடுத்தது உடன்குடிப் பக்கம் ஒரு பனைமூட்டில் அள்ளிய கைப்பிடிச் செம்மண்ணும், திரேஸ்புரத்து மீன் பெட்டி ஒன்றும், இரண்டு படி கல்லுப்பும். அந்த உப்புக்காக ஒரு நல்ல மனுஷியைக் காலை ஒன்பதே காலுக்கு வாய்க்கு வந்தபடி ஏசினேன் என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு ஸ்ரீவைகுண்டத்தில், பெருமாள் கோயிலுக்குப் பின்தெரு. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். இடையில் வகுப்பு, விடைத்தாள், அதிலும் மிஞ்சிய நேரத்தில் ஆய்வு. பகுதிநேர ஆய்வு என்று அதற்குப் பெயர். தலைவலி மட்டும் முழுநேரம்.

என் ஆய்வுப் பொருள் என்னவென்று சொன்னால் கேட்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சளிப்பூஞ்சை. அது சளியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. மண்ணுக்குள் தனித்தனியாக ஊர்ந்து திரியும் அமீபாக்கள் அவை, ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வழியில் அகப்படும் பாக்டீரியாவை விழுங்கும், வளர்ந்ததும் இரண்டாகப் பிரியும், அதுபாட்டுக்குப் போகும். பக்கத்தில் இருப்பது யார் எவர் என்று திரும்பிப் பார்ப்பது கிடையாது. சாப்பாடு தீர்ந்த பிறகுதான் ஆட்டமே மாறும்.

பட்டினி கிடக்கும் ஒரு செல் தன் உடம்பிலிருந்து ஒரு வேதிப்பொருளைக் கொஞ்சமாக வெளியே விடும். சைக்ளிக் ஏ.எம்.பி. என்று பெயர். நம் உடம்புச் செல்களுக்குள்ளும் இதே பொருள்தான் செய்தி சுமக்கிறது. பக்கத்துச் செல்லுக்கு அது எட்டியதும் அது, செய்தி வந்த திசையை நோக்கி நகரத் தொடங்கும். நகர்ந்துகொண்டே தானும் அதே பொருளை வெளியே விட்டு, தனக்குப் பின்னால் இருப்பவனுக்குச் சொல்லும். சொன்ன கையோடு சற்று நேரம் அதற்குக் காது அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கூப்பாடு வந்த வழியே திரும்பிப் போகாமல் வெளிப்பக்கமாகவே பரவுகிறது. பழைய கூப்பாடு அங்கேயே தேங்கி ஆளைக் குழப்பக்கூடாது என்று, அதைச் சிதைத்து அழிக்கிற நொதி ஒன்றையும் அவையே விட்டு வைக்கும். ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி ஓர் அலை. அலைக்கு அலை எல்லாம் நடுவை நோக்கி ஓர் எட்டு முன்னே வரும்.

கடைசியில் ஆயிரம் ஆயிரமாகத் திரண்டு, ஒரே உடம்பாகி, வெளிச்சம் இருக்கும் பக்கம் ஊர்ந்துபோய், மயிரிழைக் காம்பாக எழுந்து, உச்சியில் வித்துகளைத் தூக்கிப் பிடிக்கும். காம்பாக நின்றவை செத்துப்போகும். மேலே இருப்பவை எங்காவது ஒட்டிக்கொண்டு போய்ப் பிழைத்துக்கொள்ளும். மூளை கிடையாது, நரம்பு கிடையாது, தலைமை கிடையாது. எங்கள் துறைக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இதெல்லாம் உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். நான் கண்டுபிடித்தது அந்தச் செய்தியை அல்ல, ஆட்களை. தேரிக் காட்டுச் செம்மணலில் எதுவும் இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த மணல் வெயிலில் கால் வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். கார்த்திகை மழை விட்ட மறுநாள் உடன்குடிக்குப் போய், ஒரு பனைமூட்டில், மட்கிப்போன ஓலைக்கு அடியில் ஒரு பிடி அள்ளி வந்து அகார் தட்டில் கரைத்து ஊற்றினேன். நாலாம் நாள் பார்த்தால் தட்டில் குட்டிக் குட்டிக் காம்புகள் எழுந்து நிற்கின்றன. செய்முறைக் கூடத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக் கையைத் தட்டிக் கூத்தாடினேன். பெருக்குகிற அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. இந்தத் தேரிக்காரர்கள் பெயருக்குத்தான் தேரிக்காரர்கள். வெயில் நாளெல்லாம் ஓட்டுக்குள் சுருண்டு தூங்குகிறவர்கள். விழித்து நடமாட வேண்டுமென்றால் இருபத்திரண்டு டிகிரி இருக்க வேண்டும். தூத்துக்குடியில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? கல்லூரியில் மைக்ராஸ்கோப் அறையில் மட்டும் ஒரு கிழட்டு ஏசி உண்டு. ஆனால் மாலை ஐந்தரை மணிக்குக் கட்டிடத்தைப் பூட்டும்போது வாட்ச்மேன் அண்ணாச்சி மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவார். எப்போதோ ஒரு முறை ஒயர் புகைந்ததிலிருந்து அப்படி ஒரு சட்டம். மெயினை அணைத்த பிறகு ஃப்ரிட்ஜும் அலமாரிதான். "அண்ணாச்சி, ஒரே ஒரு பிளக் மட்டும் விட்டு வையுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தேன். "பூச்சிக்கு வேர்க்கும்னு நான் வேலையை விட்டுட்டுப் போவ முடியுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டார்.

அப்படித்தான் திரேஸ்புரம் போனேன். காலை நேரத்தில் வள்ளங்கள் வந்து மீன் இறக்கும் கரை அது. அங்கே ஏலக் கொட்டகை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் போய், ஓட்டை இல்லாத தெர்மாகோல் மீன் பெட்டி ஒன்று வேண்டும் என்றேன். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் செருகிய கொசுவம், ஒரு கப்பல் சங்குக்குச் சமமான குரல். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்தா கோயில் வீட்டு அம்மா மாதிரி இருக்கீய. மீன் பெட்டி உங்களுக்கு என்னத்துக்கு?"

"சின்னதா ஒரு உயிர் வளக்கறேன். அதுக்குக் குளிர்ச்சியா இருக்கணும்."

"என்ன உசுரு?"

சளிப்பூஞ்சை என்றால் பெட்டி கிடைக்காது என்று தோன்றியது. "ஒரு மாதிரிப் பூச்சி" என்றேன். அன்றிலிருந்து அவருக்கு அது பூச்சிதான். என்னைப் பார்த்தால் முதல் கேள்வி, "பூச்சி சௌரியமா டீச்சர்?"

பெட்டியின் அடியில் நொறுக்கிய ஐஸ், அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் என் தட்டுகள். மூடியில் துளை போட்டு ஒரு தெர்மாமீட்டரைச் செருகினேன். இருபத்திரண்டு டிகிரியில் நின்றது. ஹோட்டல்களுக்கு மீன் இறக்கப் போகும் அவருடைய லோடு ஆட்டோ, மாலை நாலு மணி வாக்கில் எங்கள் கல்லூரி வாசலில் எனக்கு ஒரு சாக்கு ஐஸை வைத்துவிட்டுப் போகும். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வாசற்படி ஏறும்போதே என் மாமியார் மூக்கைச் சுருக்குவார்.

"என்னடீம்மா இது, ஒரு மாதிரி வாடை?"

"காலேஜ்ல ஏதோ கெமிக்கல் அம்மா" என்பேன். நேரே போய்க் குளித்துவிடுவேன். கெமிக்கல் விஷயமாகத்தான் அந்த வாடையே என்பதால் அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

இனி என் கஷ்டத்தைச் சொல்கிறேன். ஆய்வுக் குழுவின் கடைசிக் கூட்டத்தில் நான் பெருமையாகக் காம்புப் படங்களைக் காட்டினேன். குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கூடி முடிஞ்ச பிறகு எடுத்த படம்தானே மேடம் இருக்கு? ஒண்ணையொண்ணு கூப்பிட்டுத்தான் கூடிச்சுன்னு நான் எதை வச்சு நம்பறது?" எனக்குச் சுரீர் என்று வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. என் நாலாவது அத்தியாயம் முழுவதும் அந்தக் கூப்பாட்டைப் பற்றியது. கூப்பாடு நடக்கும்போது எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அலை போவதைப் படம் பிடித்துக் காட்டினால் ஆய்வேட்டை ஏற்றுக்கொள்வோம், இல்லாவிட்டால் பதிவு காலாவதி ஆகும் என்று முடித்துவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. ஜனவரி கடைசி தேதிதான் எல்லை. அதைத் தாண்டினால் எட்டு வருடமும் கடலில் கரைத்த பெருங்காயம்.

ஏன் படம் இல்லை? சொன்னால் சிரிப்பீர்கள். இந்த அமீபாக்களைப் பட்டினி போட்டால் உடனே கூப்பிட்டுவிடாது. கூப்பிடுவதற்கான கருவிகளை உடம்புக்குள் தயார் செய்ய அவற்றுக்கு ஏழெட்டு மணி நேரம் வேண்டும். கல்லூரிக் கேட் திறப்பது ஒன்பதுக்கு. இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, பாக்டீரியாவைக் கழுவி நீக்கிப் பட்டினியைத் தொடங்கும்போது மணி பன்னிரண்டு. ஐந்தரைக்கு மெயின் ஸ்விட்ச். அவர்கள் கூப்பிட ஆரம்பிக்கும்போது நான் ஸ்ரீவைகுண்டம் போகும் வழியில் இருக்கும் புதுக்கோட்டையைத் தாண்டி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மறுநாள் ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறந்தால், கூட்டம் முடிந்து, காம்பு எழுந்து, என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்குப் போய்ப் பந்தல் பிரிப்பதைப் பார்த்துவிட்டு வருவது போல மூன்று மாதம் நடந்தது.

ஒருமுறை அவற்றை வீட்டிலேயே கழுவிப் பட்டினி போட்டு, காலைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஏறிய கூட்டத்தில் தட்டு கவிழ்ந்து, பாதி என் புடவைத் தலைப்பில் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கட்டிடத்தைத் திறந்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதம் இன்னும் யாரோ ஒருவர் மேசையில்தான் இருக்கிறது. நெறியாளரிடம் புலம்பினால் அவர், "முயற்சி பண்ணுங்கம்மா" என்றார். அவருக்கும் ஜூலையில் ஓய்வு.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வியாழக்கிழமை வந்தது. வெள்ளி விட்டால் ஒன்பது நாள் கல்லூரி கிடையாது. திறந்த பிறகு அச்சடிக்கவும் தைக்கவும் மட்டும்தான் நாள் இருக்கும். அன்று மதியம் கடைசி முறையாக ஆறு தட்டுகளைக் கழுவி வைத்தேன். நாலு மணிக்கு ஐஸ் சாக்கு வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனம். முந்தின வாரம் அக்காவிடம், "காலையில பாத்தா ஐஸ் பூரா தண்ணியாயிடறது" என்று சொல்லியிருந்தேன். கூட ஒரு கட்டி போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சாக்கை அப்படியே பெட்டிக்குள் கவிழ்த்து, தட்டுகளை அடுக்கி மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைத் திறக்குமுன் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஆறு டிகிரி. கெட்டுப்போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். ஆறேதான். மூடியைத் திறந்தால் தட்டுகள் பனி பூத்துக் கிடக்கின்றன. காம்பும் இல்லை, கூட்டமும் இல்லை. அடியில் கிடந்த தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். ஆய்வகத்தில் செய்யவே கூடாத காரியம், பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கரித்துக் கொட்டியது.

போனை எடுத்தேன்.

"அக்கா! ஐஸ்ல உப்பு போட்டேளா?"

"ஆமா டீச்சர். நிக்க மாட்டேங்குன்னு சொன்னீயல்லா? தூரத்துக்குப் போற சீலா மீனுக்குப் போடுத மாதிரி ரெண்டு படி கல்லுப்பைக் கலந்து வுட்டேன். நின்னுச்சா?"

"உப்பு போட்டா ஐஸ் நிக்காது அக்கா, சீக்கிரமாத்தான் உருகும்! உருகறப்போ இன்னும் குளிரும்! என் எட்டு வருஷத்தை உறைய வச்சுட்டேள்!"

"உருகுனா உருகட்டும். மீனு வெறச்சு நிக்குமா நிக்காதா?"

"மீன் இல்லை அக்கா! உயிரோட இருக்கற ஜீவன்! என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதோ? யார் உங்களை உப்பு போடச் சொன்னா?"

"நல்லதுக்குன்னுதான டீச்சர் போட்டேன்" என்று சன்னமாக வந்தது. அந்தக் குரல் அடங்கி நான் கேட்டது அன்றுதான். இன்னும் ஏதேதோ கத்திவிட்டு போனை வைத்தேன். உப்பளத்தையே சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கும் ஊரில் எதை எடுத்தாலும் உப்பைப் போடுவார்கள் என்று தெரியாமல் போன என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தட்டுகளை மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். வகுப்பில் இலைத் துளை பற்றிப் பாடம். என்ன சொன்னேன் என்று எனக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது.

எந்தத் தட்டையும் பார்க்காமல் கொட்டக்கூடாது என்பது எனக்கு ஒரு பிடிவாதம். பதினோரு மணிக்குத் திரும்பி வந்து, கழுவிப் போடுவதற்கு முன்னால் முதல் தட்டை லென்சுக்கு அடியில் தள்ளினேன். மைக்ராஸ்கோப்பின் விளக்குக்கு மேல், நடுவில் கறுப்புச் சார்ட் அட்டையை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தேன். வெளிச்சம் ஓரங்களில் மட்டும் நுழையும் என்பதால் நகர்கிறவை வெளிறித் தெரியும், நிற்கிறவை கறுத்துத் தெரியும். செத்துக் கிடக்கும் என்று நினைத்துத்தான் குனிந்தேன்.

ஒரு வெளிறிய வளையம் நடுவிலிருந்து புறப்பட்டு, விரிந்து விரிந்து, ஓரத்துக்குப் போய் மறைந்தது.

கண்ணில் தண்ணீர் வந்ததால் அப்படித் தெரிகிறதோ என்று தலைப்பால் துடைத்துக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம் கழித்து அதே நடுவிலிருந்து இன்னொன்று கிளம்பியது. வளையம் கடந்த இடத்தில் அமீபாக்கள் எல்லாம் நீண்டு, நடுவைப் பார்த்து ஓர் எட்டு வைத்து, நின்றன. அடுத்த வளையம் வந்தது, இன்னோர் எட்டு வைத்தன. நான் எட்டு வருடமாகப் புத்தகத்தில் படித்து, வகுப்பில் கரும்பலகையில் வரைந்து, ஒருநாளும் கண்ணால் காணாத கூப்பாடு. பட்டப்பகலில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, பதினொன்றேகால் மணிக்கு!

என்ன நடந்தது என்று அப்புறம் நிதானமாக யோசித்தபோதுதான் விளங்கியது. முந்தின நாள் மாலை வரை அவை பட்டினி கிடந்து பாதித் தயாரிப்பை முடித்திருந்தன. உப்பு ஐஸின் குளிரில் அப்படியே நின்றுவிட்டன. சாகவில்லை, வேலையை நிறுத்திவைத்திருந்தன. காலையில் அறைச் சூடு ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டன. வழக்கமாக அவை கூடும் ராத்திரியை அந்த இரண்டு படி உப்பு தூக்கி, என் பகலுக்குள் வைத்துவிட்டது. பெரிய ஆய்வகங்களில் இப்படிக் குளிரில் நிறுத்திவைப்பது சாதாரணமாம். நெறியாளர் பின்னால் சாவகாசமாகச் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அப்போது அதையெல்லாம் யோசிக்க எங்கே நேரம்? போனை ஃப்ளைட் மோடில் போட்டேன், யாராவது கூப்பிட்டால் படம் அறுந்துவிடும். ரப்பர் பேண்டால் அதை மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கும் குழலோடு கட்டி, படம் எடுக்கும் பொத்தானை அமுக்கினேன். மதிய வகுப்பை வேறொருவர் தலையில் கட்டச் சொல்லி வராந்தாவில் போன மாணவியிடம் கத்தினேன். பிறகு முக்காலியில் உட்கார்ந்து மூச்சைக்கூட ஓரமாக விட்டேன்.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. வாட்ச்மேன் அண்ணாச்சி, அவருக்குப் பின்னால் கொட்டகை அக்கா. தோளில் ஒரு சாக்கு, அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான் ஃப்ளைட் மோடில் போட்டிருக்க, பாவம், அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்து, ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு, உப்பில்லாத ஐஸோடு ஆட்டோவில் ஏறி வந்துவிட்டார்.

"டீச்சர், நான் தெரியாம..."

"பேசாதீங்கோ!" என்று கையைத் தூக்கினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து போன் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். "பாருங்கோ. நீங்க போட்ட உப்பு."

அவர் சாக்கை இறக்காமலே குனிந்து பார்த்தார். வளையம் ஒன்று கிளம்பியது. ஓரங்களிலிருந்து வரிவரியாக, ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, ஓடைகள் போல எல்லாம் நடுவுக்கு ஓடி வந்தன.

"ஏசுவே! வள்ளம் வந்துட்டுன்னு நான் ஒரு சத்தம் குடுத்தா, கரை பூரா வாய்க்கு வாய் போயி, எல்லாப் பொம்பளையளும் கூடையைத் தூக்கிட்டு ஓடி வருவாளுவல்லா, அதே மாதிரில்லா வருதுவ! இதுவளுக்கு யாரு டீச்சர் சத்தம் குடுக்கா?"

"இதுல ஒண்ணுதான். பசிச்சுப் போயி மொதல்ல வாயைத் திறந்த ஒண்ணு."

அண்ணாச்சியும் எட்டிப் பார்த்தார். அன்று ஐந்தரைக்கு அவர் மெயின் ஸ்விட்சை அணைக்கவில்லை. ஐந்தே முக்காலுக்குத்தான் அணைத்தார். அவர் அகராதியில் அது பெரிய புரட்சி. அதற்குள் என் கையில் ஆறு மணி நேரப் படம் இருந்தது. அக்காவிடம் மதியமே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "போங்க டீச்சர், ஏலத்துல நாங்க பேசாத பேச்சா?" என்று சொல்லிவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆய்வேடு எல்லை தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. செய்முறைப் பகுதியில், "தூத்துக்குடி கல்லுப்பு கலந்த ஐஸ், தெர்மாகோல் மீன் பெட்டி, ஆறு டிகிரி" என்று அளவோடு எழுதினேன். "குளிரூட்டப்பட்ட கலம் என்று போடலாமே?" என்று நெறியாளர் நெளிந்தார். மாட்டேன் என்றேன். மீன் பெட்டியை மீன் பெட்டி என்று எழுதுகிற தைரியம் இல்லாதவளுக்குப் பட்டம் எதற்கு?

ஜூன் மாதம் எங்கள் கல்லூரி அரங்கத்திலேயே வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். யாரும் வந்து கேட்கலாம் என்பதால் அக்காவை அழைத்திருந்தேன். பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி கதவோரம் நின்றார். படத்தை வேகமாக ஓட்டிக் காட்டினேன். ஆறு மணி நேரம் இரண்டு நிமிடத்தில் ஓடியது. திரை முழுவதும் வளையம் வளையமாக அலை கிளம்பியது. குழுவில் கண்ணாடியைத் துடைத்த அந்த மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு மணி நேரம் குடைந்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எனக்கே என்மேல் பொறாமையாக இருந்தது. கடைசியில் அவர் கேட்டார்: "எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில், வேலை நேரத்தில் கூடியிருக்கிறதே, எப்படி?"

"உப்பு சார்" என்றேன். "அதோ முன்வரிசையில் இருக்கிறார்களே, அவர்கள் போட்ட உப்பு." ஏசியதையும் மறைக்காமல் சொன்னேன். அரங்கம் சிரித்து ஓய்ந்ததும் தேர்வாளர் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, யாருக்காவது கேள்வி உண்டா என்றார். சம்பிரதாயத்துக்குக் கேட்பது. யாரும் கேட்கமாட்டார்கள்.

அக்கா எழுந்து நின்றார். மைக் தேவைப்படவில்லை.

"டீச்சர், மொதல்ல சத்தம் குடுத்துச்சே ஒண்ணு, அது எங்கன போச்சு? மேல போயிப் பொழைச்சுதா, இல்ல காம்பாயிச் செத்துதா?"

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எட்டு வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. முதலில் பசித்தவை காம்புப் பக்கம் போய்ச் சேருவது அதிகம் என்று படித்திருக்கிறேன். ஆனால் என் தேரிக் கூட்டத்தில் அந்த ஒன்று எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. "கூட்டத்துக்குள்ள போன பிறகு அதைத் தனியாப் பிரிச்சுப் பாக்க என்னால முடியலை அக்கா. தெரியாது" என்றேன். அன்று நான் தெரியாது என்று சொன்ன ஒரே பதில் அதுதான். தேர்வாளர் அதையும் எழுதிக்கொண்டார். அரை மணி கழித்து, பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறோம் என்று எழுந்து நின்று சொன்னார். நான் அழமாட்டேன் என்று வீட்டில் சபதம் போட்டுவிட்டு வந்திருந்தேன். அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை விடியுமுன்னே வீட்டில் அக்காரவடிசல் கிளறினோம். யாருக்கு என்று மாமியார் கேட்டார். ஒளித்தது போதும் என்று மீன் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "அதானே பார்த்தேன், கெமிக்கலாம் கெமிக்கல்" என்றபடி உருளியில் இன்னொரு கரண்டி நெய்யை விட்டார்.

காலையில் பாத்திரத்தோடு திரேஸ்புரம் போய் இறங்கினேன். வள்ளங்கள் வந்துகொண்டிருந்த நேரம். கொட்டகை வாசலில் அக்கா என்னைக் கண்டதும் கையிலிருந்த நெத்திலிக் கூடையைக் கீழே வைத்தார். கடல் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஏளா! நம்ம டீச்சரு பாஸாயிட்டாவ!" என்று ஒரு சத்தம் கொடுத்தார்.

பத்தடி தள்ளி மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் அதை வாங்கி அடுத்தவளுக்குக் கத்தினாள். அவள் வலை உலர்த்துகிறவர்களுக்குச் சொன்னாள். அங்கிருந்து வள்ளத்து ஆட்களுக்குப் போயிற்று. சத்தம் கரை நெடுக ஓடி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் தேய்ந்தது. பிறகு அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூடையோடும் கத்தியோடும் ஈரக் கையோடும், இருவர் மூவராகச் சேர்ந்து, வரிசை வரிசையாக என்னைப் பார்த்து நடந்து வந்தார்கள். மீன் வாடை என் புடவையைச் சுற்றி வளைத்தது. நடுவில் பாத்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அக்காரவடிசல் ஆளுக்கு ஒரு விரல்தான் வந்தது. முதலில் சத்தம் கொடுத்தவர் கடைசியாக வழித்துத் தின்றார். முதலில் கூப்பிட்டது எங்கே போயிற்று என்று இனி யாராவது என்னைக் கேட்டால், ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்: திரேஸ்புரத்தில் அது சாகவில்லை, பாத்திரத்தை வழித்துக்கொண்டிருந்தது.